காலால் வாசிக்கும் பலகை

டாப் நடனம் ஆடுபவர் தாளத்தில் செல்வந்தர், சுருதியில் ஏழை. ஷூவின் முனையிலும் குதிகாலிலும் உள்ள உலோகத் தகடுகளால் கண்மூடித் திறப்பதற்குள் பல தட்டுகளை உதிர்த்துவிடுவார். ஆனால் முனை பட்டால் ‘டிக்’, குதிகால் விழுந்தால் ‘டொக்’. அதற்கு மேல் குரலில் பெரிய மாற்றமில்லை. தரை மாறினால்தான் உண்டு.

அந்தத் தரையைத்தான் நிக்கலஸ் வான் யங் மாற்றினார். டாப் கலைஞர், டிரம்மரும்கூட. வாளியையும் துடைப்பத்தையும் தட்டியே அரங்கை அதிரவைக்கும் ‘ஸ்டாம்ப்’ நிகழ்ச்சியில் பங்கேற்றவர். சிறு மரப்பலகைகளை அவர் எலக்ட்ரானிக் டிரம்களாக்கினார். அவற்றை வைத்து டாப் நடனக் கலைஞர் மிஷெல் டோரன்ஸுடன் சேர்ந்து உருவாக்கிய ‘ஈ.டி.எம்.’ என்ற நடனம் 2014இல் அமெரிக்காவின் ஜேக்கப்ஸ் பில்லோ நடன விழாவில் மேடையேறியது.

இத்தகைய கருவிகளில் வழக்கமாக இருப்பது பீசோ என்ற சிறு வட்டத் தகடு. அதிர்ந்தால் அதில் சிறிதளவு மின்னழுத்தம் பிறக்கும். ஓங்கி மிதித்தால் கூடுதல், லேசாகத் தொட்டால் குறைவு. கணினி அந்தத் துடிப்பை வாங்கி, முன்பே ஏற்றிவைத்த ஒலியை அதற்கேற்ற பலத்தில் விடும். ஒரு பலகைக்கு பேஸ் கிட்டார், அடுத்ததற்கு மணியோசை என்று எதையும் கொடுக்கலாம். தொல்லை வேறு இடத்தில். பக்கத்துப் பலகையின் அதிர்வு தரைவழியே வந்து இதையும் எழுப்பிவிடக் கூடாது. மிதித்த கணத்துக்கும் ஒலிக்கும் இடையே சில மில்லிநொடிகளுக்கு மேல் தாமதித்தால் ஆடுபவரின் காது கண்டுபிடித்துவிடும். போதாக்குறைக்கு, முழு உடம்பும் துள்ளி இறங்கும்போது பலகை நகரவோ வழுக்கவோ கூடாது. குச்சியால் அடிக்கும் டிரம்முக்கு இந்தக் கடைசிக் கவலை கிடையாது!

பலகைக்கு ஒரு ஒலி என்பதால் நடனமே வேறாகிவிடுகிறது. ஜலதரங்கக் கிண்ணங்கள் போல ஸ்வரங்கள் மேடையெங்கும் பரவிக் கிடக்கின்றன. அடுத்த ஸ்வரம் மூன்றடி தள்ளி இருந்தால், அங்கே போயாக வேண்டும். போகிற விதம்தான் நடனம். தவறிய காலடியை ஒரு கையசைவால் மறைக்க முடியாது, அரங்கமே கேட்டுவிடும்.

ஆடுபவரை வாத்தியக்காரராகப் பார்க்கும் எண்ணம் பழையதுதான். இசையமைப்பாளர் மார்ட்டன் கோல்ட் 1952இல் டாப் நடனக் கலைஞரும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்க ஒரு கான்செர்ட்டோ எழுதினார். காலின் தாளத்தை மட்டும் குறித்துவிட்டு, அடிகளை ஆடுபவரிடமே விட்டுவிட்டார். லாஸ் ஏஞ்சல்ஸின் டாப் கலைஞர் ஆல்பிரட் டெசியோ ஷூவையே சிந்தசைசரோடு இணைத்தார். அவருடைய ‘டாப்-ட்ரானிக்ஸ்’, கிரிகரி ஹைன்ஸ் நடித்த ‘டாப்’ (1989) படத்தில் இடம்பெற்றது. கருவி ஷூவில் இருந்தால் எங்கு வேண்டுமானாலும் ஆடலாம். தரையில் இருந்தால் இடத்துக்கு ஒரு ஒலி. இரண்டாவதில்தான் நடன அமைப்பாளருக்கு வேலை அதிகம்.

மின்சாரமே வேண்டாத உறவினர்களும் உண்டு. ஜப்பானின் பழைய நோ நாடக மேடைகளுக்கு அடியில் பெரிய மண்ஜாடிகளை வைத்திருப்பார்கள், நடிகரின் மிதி எதிரொலிப்பதற்காக. மெக்சிகோவின் பசிபிக் கரையில் கோஸ்டா சிகா பகுதியின் ஆப்பிரிக்க வம்சாவளியினர் ‘ஆர்டெசா’ மீது ஆடுவார்கள். அடிமரத்தைக் குடைந்து கவிழ்த்த தொட்டி அது; முனையில் குதிரைத் தலையோ மாட்டுத் தலையோ செதுக்கியிருக்கும். ஆட்டம் வெறுங்காலில்தான். தகடு இல்லாமலே மரம் முழங்குகிறது.