காலில் இரத்தக் கட்டியா? அளவு நாடா சொல்லும்

கூலிம், பாடாங் செராய் பக்கம் தோட்டங்களில் யாருக்காவது கால் வீங்கினால், நம்மவர்கள் முதலில் தேடுவது தைலத்தைத்தான். பட்டணத்துக்குக் குடிவந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. சுளுக்கு என்றால் சரி. கெண்டைக்காலின் உள்ளே ஓடும் சிரையில் இரத்தம் உறைந்து கட்டியாகியிருந்தால், அழுத்தி உருவுவது ஆபத்து. கட்டி பெயர்ந்து, இதயம் வழியாகச் சென்று நுரையீரலின் இரத்தக் குழாயை அடைத்தால் உயிருக்கே கேடு.

முன்பெல்லாம் இதை உறுதிசெய்யப் பாதத்தில் ஊசி குத்தி, சாயம் செலுத்தி எக்ஸ்ரே எடுத்தார்கள். வலிக்கும், சில வேளை அந்தச் சாயமே புதிய கட்டியை உண்டாக்கிவிடும். இன்று அவசரப் பிரிவில் முதல் கருவி, தையற்காரரிடம் இருப்பது போன்ற அளவு நாடா!

முழங்காலுக்குச் சற்றுக் கீழே முன்புறம் துருத்தும் எலும்பைத் தொட்டுப் பாருங்கள். அதிலிருந்து 10 செ.மீ. கீழே இரு கால்களின் சுற்றளவையும் அளப்பார்கள். வீங்கிய கால் 3 செ.மீ.க்கு மேல் பருத்திருந்தால் 1 புள்ளி. புற்றுநோய், அண்மையில் பெரிய அறுவை சிகிச்சை, காலில் மாவுக்கட்டு போன்றவற்றுக்கும் ஒவ்வொரு புள்ளி. வீக்கத்துக்கு வேறு காரணமும் அதே அளவு பொருந்தினால் 2 புள்ளி கழியும். கனடாவின் பிலிப் வெல்ஸ் குழுவினர் வகுத்த கணக்கு இது. கூட்டலை என் மாணவர்களே செய்துவிடுவார்கள். அந்தக் கழித்தலுக்குத்தான் மருத்துவரின் அனுபவம் வேண்டும்.

மொத்தம் 2க்குக் குறைந்தால், கையில் கொஞ்சம் இரத்தம் எடுத்து டி-டைமர் பார்ப்பார்கள். கட்டியைப் பின்னி வைத்திருப்பவை ஃபைப்ரின் என்ற புரத இழைகள். உடல் அவற்றைக் கரைக்கும்போது உதிரும் துணுக்கே டி-டைமர். அது குறைவாக இருந்தால் ஸ்கேன்கூட இல்லாமல் வீட்டுக்கு அனுப்பலாம். 1,096 பேரிடம் செய்து 2003இல் வெளியான ஆய்வில், டி-டைமரும் பார்த்துக் கட்டி இல்லை என்று அனுப்பப்பட்டவர்களில் 0.4 விழுக்காட்டினருக்கே அடுத்த 3 மாதங்களில் கட்டி தெரியவந்தது.

டி-டைமர் கூடுதலாக இருந்தால் கட்டி உண்டு என்று பொருளல்ல. கர்ப்பம், கிருமித் தொற்று, காயம், முதுமை எல்லாமே அதை உயர்த்தும். அப்போது அல்ட்ராசவுண்ட் கருவியைத் தொடையிலும் முழங்காலின் பின்புறத்திலும் வைத்து அழுத்துவார்கள். நல்ல சிரை மெல்லிய ரப்பர் குழாய் போல நசுங்கும். கட்டி உள்ள சிரை நசுங்காது.

4 மணி நேரத்துக்கு மேல் அசையாமல் பயணம் செய்தால் இந்த ஆபத்து ஏறக்குறைய இரட்டிப்பாகிறது என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். சுங்கை பட்டாணியிலிருந்து ஜொகூருக்குப் பேருந்தில் போய்வந்த பின் ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால், தைலப் புட்டியைத் தொடாமல் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ உடனே 999ஐ அழையுங்கள்.