பத்து நாள் படுக்கையும் முதியோர் தசைகளும்

நுரையீரல் தொற்றுக்காக மருத்துவமனையில் சேரும் முதியவர், பல நேரங்களில் தாமே நடந்து உள்ளே வருகிறார். சில நாட்களில் தொற்று நீங்கிவிடுகிறது. ஆனால் வீடு திரும்பும்போது, கட்டிலைவிட்டு எழுவதற்கும் கழிப்பறைக்குச் செல்வதற்கும் பிறர் துணை வேண்டியிருக்கிறது. "நோய் உடம்பை உருக்கிவிட்டது" என்று குடும்பத்தார் வருந்துகின்றனர். நோய்க்கு அதில் பங்குண்டு. அசைவின்றிப் படுத்திருந்த நாட்களுக்கும் பங்குண்டு.

2007-ஆம் ஆண்டு அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வெளியான ஓர் ஆய்வு இதனைத் தெளிவாக்கியது. சராசரியாக 67 வயதுடைய, நல்ல உடல்நலமுள்ள சிலர் 10 நாட்கள் படுக்கையிலேயே இருந்தனர். வழக்கமாகப் பரிந்துரைக்கப்படும் அளவு புரதமும் உண்டனர். எனினும் அவர்களுடைய கால்களில் ஏறத்தாழ 1 கிலோ கொழுப்பற்ற திசு குறைந்தது. தசைகள் புதிய புரதத்தை உருவாக்கும் வேகமும் ஏறத்தாழ 30 விழுக்காடு தணிந்தது. நலமுடையோர்க்கே இந்நிலை எனில், தொற்றும் பசியின்மையும் சேர்ந்தோர் இழப்பது இன்னும் மிகுதியாகும்.

தசை ஏன் கரைகிறது?

தசை நாள்தோறும் சிறிது சிதைந்து, நாள்தோறும் மீண்டும் கட்டப்படும் திசுவாகும். கட்டுவதற்கு உணவுப் புரதமும் வேண்டும். அசைவு தரும் தூண்டுதலும் வேண்டும். அசைவு நின்றுவிட்டால், செங்கல் வந்திறங்கியும் கொத்தனார் வராத வீட்டைப் போலக் கட்டுமானம் தேங்கிவிடுகிறது. முதுமையில் இந்தத் தூண்டுதலுக்குத் தசை முன்போல் விரைந்து செவிசாய்ப்பதில்லை. ஆகவே, இளைஞர் எளிதில் ஈடுசெய்யும் இழப்பை மீட்க முதியவருக்கு நெடுநாள் ஆகிறது.

வயதாகும்போது, விரைந்து சுருங்கும் தசையிழைகளே மிகுதியாக மெலிகின்றன. கால் இடறும்போது சட்டென ஊன்றி நம்மைக் காப்பவை அவையே. வீட்டில் நேரும் வீழ்ச்சிகளுக்கு இதுவும் ஒரு காரணம்.

இரத்தத்திலுள்ள சர்க்கரையை இன்சுலினின் உதவியால் மிகுதியாக ஏற்பதும் தசையே. சில நாட்கள் உழைக்காதிருந்தால், இன்சுலினுக்குத் தசை இணங்குவது குறைந்து, சர்க்கரை அளவு உயரக்கூடும். மாறாக, சுருங்கி விரியும் தசை இன்சுலினை எதிர்பாராமலும் சர்க்கரையை ஏற்றுக்கொள்கிறது.

மீட்க இயலுமா?

இயலும். 1990-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், முதியோர் இல்லத்தில் வாழ்ந்த 90 வயதை ஒட்டிய பத்துப் பேருக்கு 8 வாரங்கள் கால் தசைகளுக்கான எடைப் பயிற்சி அளிக்கப்பட்டது. பயிற்சியை நிறைவு செய்தோரின் கால் வலிமை சராசரியாக இரு மடங்குக்கும் மேல் உயர்ந்தது. அவர்கள் மருத்துவர் மேற்பார்வையில் பயின்றவர்கள். எனினும் வயது ஒரு தடையன்று என்பது அதனால் விளங்கியது.

குடும்பத்தார் செய்யத்தக்கவை

மருத்துவர் இசைவு தந்தபின் பின்வருவனவற்றைத் தொடங்கலாம்.

- உணவைப் படுத்தபடி ஊட்டாமல், நாற்காலியில் அமர வைத்துத் தருக.
- படுத்திருக்கும் வேளையில் பாதங்களை மேலும் கீழும் அசைக்கச் செய்க.
- கைப்பிடியுள்ள நாற்காலியிலிருந்து எழுந்து அமரும் பயிற்சியை நாளுக்குச் சில முறை, அருகில் நின்று செய்விக்க.
- கஞ்சியும் ரொட்டியும் மட்டும் போதா. முட்டை, மீன், பருப்பு, பால், தயிர் ஆகியவற்றில் ஏற்றதை மூன்று வேளையும் பகிர்ந்து தருக. சிறுநீரக நோயுள்ளோர் புரத அளவை மருத்துவரிடம் கேட்டறிக.
- தலைச்சுற்றல், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் தோன்றினால் உடனே நிறுத்திச் செவிலியரிடம் தெரிவிக்க. எலும்பு முறிவோ அறுவை சிகிச்சையோ நேர்ந்தோர்க்கு இயன்முறை மருத்துவரின் வழிகாட்டல் இன்றியமையாதது.

"நீங்கள் அசைய வேண்டாம், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்பது அன்பின் சொல்லே. ஆயினும் முதியவர் தாமே செய்யக்கூடியதை அவரே செய்ய விடுவதும் அன்புதான். காலையில் மருத்துவர் பார்வையிட வரும்போது, மருந்தைப் பற்றிக் கேட்பதோடு, "இன்று இவர் எவ்வளவு தூரம் நடக்கலாம்?" என்றும் கேளுங்கள்.