பெரியண்ணனும் சின்னண்ணனும்

கோயமுத்தூரிலிருந்து சென்னைக்கு ரயில் ஏறும் சகோதரிகளே, சேலம் தாண்டியதும் கண்ணயர்ந்துவிடாதீர்கள். ஜோலார்பேட்டைக்கு முந்தித் திருப்பத்தூர் வரும். 1911 வரை அது நம் சேலம் ஜில்லாவைச் சேர்ந்த ஊர்தான்.

அங்கே 1921-ல் இரண்டு டாக்டர்கள் கிறிஸ்துகுல ஆசிரமத்தைத் தொடங்கினார்கள். ஒருவர் தமிழரான சவரிராயன் ஜேசுதாசன். மற்றவர் எர்னஸ்ட் பாரெஸ்டர் பேட்டன். ஸ்காட்லாந்தில் கம்பளி நூல் வியாபாரத்தில் செழித்த குடும்பத்துப் பிள்ளை. நாம் ஸ்வெட்டர் பின்னுகிறோமே, அந்த நூல்தான்!

வெள்ளைக்காரர் ஆண்ட காலம் அது. மிஷன் வேலையிலும் துரை துரையாகவே இருந்தார். கூட உழைத்த இந்தியர் ஒரு படி கீழேதான். ஆசிரமத்திலோ ஜேசுதாசன் ‘பெரியண்ணன்’, பேட்டன் ‘சின்னண்ணன்’. வயதில் இளையவர் ஆயிற்றே! நம் வீடுகளில் மூத்த ஓரகத்திக்கு எழுந்து நிற்பதற்குள் எத்தனை மனஸ்தாபம்! சீமையில் பிறந்த செல்வர், தம்பி ஸ்தானத்தைச் சந்தோஷமாக ஏற்றுக்கொண்டார். கதர் உடுத்தினார், மரக்கறிச் சாப்பாடுதான், இருவருமே கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏழைகளுக்கு வைத்தியம் பார்ப்பதே வேலை.

அந்தக் கதருக்கு அவர் விலையும் கொடுத்தார். 1932-ல் சென்னை வீதியில் நின்ற அவரைப் போலீசார் தடியால் அடித்தார்கள். தொப்பியும் கோட்டும் போட்டிருந்தால் யார் தொட்டிருப்பார்கள்? லண்டன் பார்லிமெண்டில்கூடக் கேள்வி எழுந்தது. சின்னண்ணனோ திருப்பத்தூருக்கே திரும்பி, நோயாளிகளைப் பார்க்க உட்கார்ந்துவிட்டார்.

ஆசிரமத்து ஜெபாலயத்தை நம் கோயில்களைப் போலவே கோபுரம் வைத்துக் கட்டினார்கள். 1969-ல் பெரியண்ணன் கண் மூடினார். அடுத்த வருஷமே சின்னண்ணனும் பின்னால் போய்விட்டார்.