மீட்டர் 12.6 வோல்ட் காட்டியது, விளக்கோ மங்கியே எரிந்தது

போர்ட்டிக்சனில் என் நண்பர் ஒரு பழைய பாய்மரப்படகை வாங்கினார். ஒன்பது மீட்டர் நீளம். வயதில் என்னைவிட மூத்தது. அதன் முகப்பில் இருந்த சிவப்பு-பச்சை விளக்கு அணையப்போகும் அகல்விளக்கு போல மங்கலாக எரிந்தது. “நீதான் இயற்பியல் ஆசிரியர் ஆயிற்றே, வந்து பார்” என்றார். நானும் மல்டிமீட்டரை எடுத்துக்கொண்டு பெருமையோடு போனேன்.

பல்பைக் கழற்றிவிட்டு, அது பொருந்தும் இடத்தில் மீட்டரின் இரு முனைகளையும் வைத்தேன். 12.6 வோல்ட்! முழுதாக மின்னேற்றிய 12 வோல்ட் பேட்டரி காட்ட வேண்டிய அளவு அதுதான். “மின்சாரம் சரியாக வருகிறது. பல்புதான் கோளாறு” என்று தீர்ப்புச் சொன்னேன். புதுப் பல்பு மாட்டினோம். அதே மங்கல்.

படகுத்துறையில் எஞ்சின் பழுதுபார்க்கும் பெரியவர் ஒருவர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். “பல்பு எரியும்போது அளந்தீங்களா, சார்?” என்று கேட்டார். அளந்தேன். 9.4 வோல்ட்தான் இருந்தது!

மாணவர்களே, மூன்று வோல்ட்டுக்கு மேல் எங்கே போயிற்று? முதல் முறை மீட்டர் ஏன் அதைக் காட்டவில்லை? விடை உங்கள் பாடநூலில் உள்ள ஓம் விதியில் இருக்கிறது. மின்னழுத்தம் = மின்னோட்டம் × மின்தடை.

அந்த பல்பு எரியும்போது அதன் மின்தடை ஏறக்குறைய 6 ஓம். கணக்கு எளிதாக இருக்க, பேட்டரியை 12 வோல்ட் என்றே வைத்துக்கொள்வோம். வேறு தடை இல்லாவிட்டால் 2 ஆம்பியர் மின்னோட்டம் பாயும். பல்பு 24 வாட் ஆற்றலோடு எரியும். இப்போது வழியில் எங்கோ ஒரு கெட்டுப்போன இணைப்பு, 2 ஓம் தடையோடு உட்கார்ந்திருக்கிறது என்று கொள்ளுங்கள். மொத்தத் தடை 8 ஓம், மின்னோட்டம் 1.5 ஆம்பியர். பல்புக்குக் கிடைப்பது 9 வோல்ட், இணைப்பு விழுங்குவது 3 வோல்ட். பல்பின் ஆற்றல் 13.5 வாட்டாகக் குறைகிறது. இழைப் பல்பில் வெப்பம் குறைந்தால் ஒளி இன்னும் வேகமாகக் குறையும். அதனால் ஆற்றல் பாதியாகும்போது ஒளி பாதிக்கும் கீழே போய்விடுகிறது.

பல்பைக் கழற்றிவிட்டு அளந்தபோது நடந்தது வேறு. சாதாரண டிஜிட்டல் மீட்டரின் உட்தடை சுமார் 10 மில்லியன் ஓம். அதன் வழியே மிக மிக நுண்ணிய மின்னோட்டமே செல்லும். மின்னோட்டம் இல்லாத இடத்தில் 2 ஓம் தடையால் எதை விழுங்க முடியும்? மீட்டர் பொய் சொல்லவில்லை. நான் கேட்ட கேள்விதான் தவறு.

வீட்டில் இப்படி நடப்பதை நாம் கவனிப்பதில்லை. 230 வோல்ட்டில் அதே 24 வாட் விளக்குக்கு 0.1 ஆம்பியர் போதும். 2 ஓம் இணைப்பில் 0.2 வோல்ட் இழந்தால் யாருக்குத் தெரியும்? படகில் மின்னழுத்தம் குறைவு, அதனால் மின்னோட்டம் அதிகம். சிறு தடையும் பெரிய இழப்பாகிறது. எஞ்சினைக் கிளப்பும் மோட்டாருக்கு 200 ஆம்பியர் தேவைப்பட்டால், 0.01 ஓம் தடைகூட 2 வோல்ட்டைத் தின்றுவிடும். பேட்டரி நன்றாக இருந்தும் எஞ்சின் ‘டக்’ என்ற சத்தத்தோடு நின்றுவிடுவது பல நேரங்களில் இதனால்தான்.

கோளாறான இடத்தைத் தேடும் முறையையும் அந்தப் பெரியவரே காட்டினார். பல்பு எரியட்டும். மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் நேர்முனையிலும், மறுமுனையை பல்பின் நேர்முனையிலும் வையுங்கள். நல்ல கம்பி என்றால் மீட்டர் ஏறக்குறைய 0 காட்ட வேண்டும். எங்களுக்கு 3 வோல்ட் காட்டியது. எதிர்முனைப் பக்கம் 0.1 மட்டுமே. ஆக, குற்றவாளி நேர்முனைக் கம்பியில் இருக்கிறான். பிறகு சுவிட்சு வரை, ஃபியூஸ் வரை, அடுத்த இணைப்பு வரை என்று பகுதி பகுதியாக அளந்துகொண்டே போனோம். நங்கூரச் சங்கிலி கிடக்கும் ஈரப் பெட்டிக்குள் இருந்த ஓர் இணைப்பில் மாட்டிக்கொண்டது.

பிரித்துப் பார்த்தால் உள்ளே பச்சைக் களிம்பு. பாட்டி வீட்டுச் செம்புக் குடத்தில் ஏறுமே, அதே களிம்புதான். உப்புக் காற்றும் ஈரமும் செம்பை அரிக்கின்றன. அப்படி உண்டாகும் சேர்மங்கள் மின்சாரத்தை நன்கு கடத்துவதில்லை. பல இழைகள் கொண்ட கம்பியில், இழைகளுக்கு இடையே உள்ள நுண்ணிய இடைவெளி வழியாக உப்புநீர் உறைக்குள்ளேயே ஏறிவிடும். வெளியே கம்பி புதிதுபோல் இருக்கும், உள்ளே கறுத்துப் போயிருக்கும்.

நாங்கள் கறுப்பு மறைந்து பளபளப்பான செம்பு தெரியும்வரை கம்பியை வெட்டினோம். ஒரு சாண் நீளம் போயிற்று. அதற்கு ஈடாக வெள்ளீயம் பூசிய செம்புக் கம்பியைச் சேர்த்து, இடுக்கியால் இறுக்கி, சூடாக்கினால் சுருங்கி ஒட்டிக்கொள்ளும் உறையால் மூடினோம். களிம்பு ஏறாதிருக்க முன்பு பித்தளைப் பாத்திரங்களின் உட்புறம் ஈயம் பூசுவார்கள் அல்லவா? அதே தந்திரம்தான் இந்தக் கம்பியிலும்.

மங்கலான விளக்கு சின்ன விஷயம் என்று நினைக்க வேண்டாம். மலாக்கா நீரிணையில் இரவும் பகலும் பெரும் சரக்குக் கப்பல்கள் போகின்றன. 12 மீட்டருக்குக் குறைவான படகின் பக்க விளக்குகள் குறைந்தது ஒரு கடல் மைல், அதாவது 1.85 கிலோமீட்டர் தூரத்திலிருந்து தெரிய வேண்டும் என்பது சர்வதேச விதி. சிவப்பு இடப்பக்கம், பச்சை வலப்பக்கம். இவற்றைப் பார்த்துத்தான் எதிரே வருபவர் உங்கள் படகு எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று அறிகிறார்.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது இன்னொன்று. அந்தக் கெட்ட இணைப்பில் 3 வோல்ட், 1.5 ஆம்பியர், அதாவது 4.5 வாட் வெப்பம், கடலைப் பருப்பு அளவு இடத்தில்! அதன் பிளாஸ்டிக் உறை ஏற்கெனவே பழுப்பாக மாறியிருந்தது. ஃபியூஸ் ஏன் காப்பாற்றவில்லை என்று கேட்பீர்கள். ஃபியூஸ் உருகுவது மின்னோட்டம் மிகும்போது. இங்கே மின்னோட்டம் 2-லிருந்து 1.5 ஆம்பியராகக் குறைந்துதான் இருந்தது. ஃபியூஸின் கணக்கில் எல்லாம் நலமே.

இதைப் பள்ளி ஆய்வகத்தில் நீங்களே செய்து பார்க்கலாம். 1.5 வோல்ட் மின்கலம் இரண்டு, டார்ச்லைட் பல்பு ஒன்று, 10 ஓம் மின்தடையம் ஒன்று. எல்லாவற்றையும் தொடர்ச்சுற்றாக இணையுங்கள். பல்பைக் கழற்றிவிட்டு, அது இருந்த இடத்தில் மின்னழுத்தத்தை அளந்து எழுதுங்கள். பல்பை மாட்டி மீண்டும் அளவுங்கள். வீட்டுச் சுவர் மின்சாரத்தில் மட்டும் இதைச் செய்யவே கூடாது.