எல்லை கடந்த களவும் போலீஸார் தொடர்பும்

களவுக்கு எல்லையில்லை, காவலுக்கு மட்டும் எல்லையுண்டு என்பது நம் ஜனங்கள் நெடுங்காலமாக அனுபவித்துவரும் துன்பமாகும். வைகைக்கரைச் சிற்றூர் ஒன்றில் கோயிற்பூட்டு உடைபட்டால், பிராது உள்ளூர்ப் போலீஸ் ஸ்டேஷனில் நிற்கிறது. விக்கிரகமோ சீமைக்குக் கப்பலேறிவிடுகிறது.

மதுரைப் போலீஸ் உத்தியோகஸ்தர் ஒருவர் லண்டன் போலீஸாரிடம் ஒரு சங்கதி விசாரிக்க விரும்பினால், சி.பி.ஐ.யின் மூலமாக இண்டர்போல் ஸ்தாபனத்தின் வழியே விசாரிப்பதே முறை. 1923-ல் வியன்னாவில் தோன்றி, இன்று பிரான்ஸ் தேசத்து லியோன் நகரில் தலைமை ஸ்தலம் கொண்டுள்ள இந்த ஸ்தாபனத்தில் இந்தியா 1949 முதல் அங்கம் வகிக்கிறது. கடிதங்கள் கைமாறிச் செல்லும் தாமதத்தைக் குறைக்கும் பொருட்டு, 2025 ஜனவரியில் 'பாரத்போல்' என்னும் இணையவழி ஏற்பாடு தொடங்கப்பெற்றது. அதன் மூலம் மாநிலப் போலீஸார் தங்கள் வேண்டுகோளை உடனுக்குடன் சி.பி.ஐ.க்குத் தெரிவிக்கலாம். இதனை நாம் மனமார வரவேற்கிறோம். ஆயினும், வழி திறந்தால் மட்டும் போதுமா? அவ்வழியே அனுப்ப நம் கையில் என்ன ஆதாரம் இருக்கிறது?

இதற்கு இரண்டு வழக்குகளே விடை கூறும். தஞ்சை ஜில்லா பத்தூரில் 1976-ல் பூமியிலிருந்து அகப்பட்ட நடராஜர் விக்கிரகம் கள்ளத்தனமாக விற்கப்பட்டு லண்டனை அடைந்தது. 1982-ல் அந்நகரப் போலீஸார் அதனைக் கைப்பற்றினர். ஆனால், மண்ணுக்குள் மறைந்திருந்த அம்மூர்த்திக்கு முந்திய படமோ பதிவோ ஏது? அது நம்முடையதென்று லண்டன் நியாயஸ்தலங்களில் ருசுப்பிக்க வேண்டியதாயிற்று. மேல்முறையீடும் முடிந்து 1991-ல்தான் அது தாயகம் மீண்டது. மற்றொன்று, அனந்தமங்கலம் ராஜகோபாலஸ்வாமி கோயிலிலிருந்து 1978-ல் களவுபோன ராமர், லக்ஷ்மணர், சீதை விக்கிரகங்கள். புதுச்சேரி பிரெஞ்சு ஆராய்ச்சி நிலையத்தார் 1958-ல் எடுத்த படங்கள் அவற்றுக்கு இருந்தன. 2019-ல் தகவல் கிடைத்ததும் லண்டனிலுள்ள நமது ஹைக்கமிஷன் அதனை அந்நகரப் போலீஸாரின் கலைப்பொருட்பிரிவுக்கும், தமிழ்நாட்டு விக்கிரகத் தடுப்புப் பிரிவுக்கும் தெரிவித்தது. களவு நடந்தது மெய்யே என்று நம் போலீஸார் விவரமான அறிக்கை அனுப்பினர். லண்டன் போலீஸார் விக்கிரகங்களை வைத்திருந்தவரை அணுக, அவர் தாமாகவே ஒப்படைத்தார். 2020 செப்டம்பரில் அவை நம் வசமாயின. முன்னதற்கு ஒன்பது வருஷம். பின்னதற்கு ஏறக்குறைய ஒரு வருஷம். பழைய புகைப்படங்களின் பலம் இதுவே.

எனினும், உத்தியோகஸ்தருக்கும் உத்தியோகஸ்தருக்கும் நேர்த்தொடர்பு என்றவுடன் தேசபக்தர்கள் ஒரு சம்பவத்தை மறக்கலாகாது. 1910 ஜூலை 8-ந் தேதி, வ. வே. ஸு. ஐயரின் லண்டன் தோழரான சாவர்க்கர், தம்மைக் கைதியாக ஏற்றிவந்த கப்பலிலிருந்து மார்சேல்ஸ் துறைமுகத்தில் நீந்திக் கரையேறினார். பிரெஞ்சுக் காவலர் ஒருவர் அவரைப் பிடித்து அங்கேயே பிரிட்டிஷ் போலீஸார் வசம் ஒப்புவித்தார். கப்பல் வருமுன்பே லண்டன் போலீஸ் தலைவர் பாரிஸுக்குக் கடிதம் எழுதியிருந்தார். ஒப்புவித்த விதம் முறைகேடே என்று ஒப்புக்கொண்ட ஹேக் பஞ்சாயத்தார்கூட, 1911-ல், அவரைத் திருப்பித் தரவேண்டிய கடமை பிரிட்டனுக்கு இல்லையெனத் தீர்த்துவிட்டனர். தெய்வத்தை மீட்கும் வழியே தியாகியைக் காட்டிக்கொடுக்கும் வழியுமாகலாம். இண்டர்போல் விதிகளின் மூன்றாவது ஷரத்து அரசியல், ராணுவ, மத, இன விவகாரங்களில் தலையிடுவதைத் தடுத்திருப்பது உசிதமே. ஆனால் ஷரத்து தானே காவல் காக்காது. ஒவ்வொரு வேண்டுகோளும் எழுத்திற் பதிவாகி, நியாயஸ்தலத்தின் பார்வைக்குட்பட்டே நடைபெற வேண்டும்.

நம் பங்குக்குச் செய்ய வேண்டியதும் உண்டு. மீனாக்ஷி அம்மன் கோயிலுக்குப் பலத்த காவல் இருக்கிறது. ஒருவேளைப் பூஜையோடு பூட்டிக்கிடக்கும் சிற்றூர்க் கோயில்களுக்கு யார் காவல்? அழகர்மலை அடிவாரம் முதல் திருப்புவனம் வரை, ஒவ்வொரு ஊராரும் தங்கள் விக்கிரகங்களை நாற்புறமும் படமெடுத்து, உயரமும் குறிகளும் எழுதி, 1972-ம் வருஷத்துத் தொல்பொருட் சட்டப்படி பதிவு செய்யட்டும். களவு நேர்ந்தால் அன்றே பிராது கொடுக்கட்டும். போலீஸாரும் அதனைத் தயங்காது பதிவு செய்யட்டும். ஊரில் எழுதப்படாத பிராதை லண்டன் போலீஸார் எங்ஙனம் விசாரிப்பர்?