அன்னாசி: கொள்முதலுக்கு முன் செடியைப் பாருங்கள்

வாழைத்தாரைப் புகை போட்டால் பழுக்கும், மாங்காயை வைக்கோலில் போட்டால் பழுக்கும். அன்னாசியும் அப்படித்தான் என்று நினைத்து நட்டப்பட்டவன் நான். ஆடிப்பெருக்குக்கு ஒகேனக்கல் போகும் கூட்டத்தை நம்பி, ஒரு வருடம் விலை மலிவாகக் கிடைத்ததே என்று பச்சைக் காயாக ஒரு வண்டிச் சரக்கு இறக்கினேன். நாலு நாளில் தோல் மஞ்சளானது. ஆனால் வாயில் வைக்க முடியாத புளிப்பு. சில்லறைக் கடைக்காரர்கள் திருப்பிக் கொண்டுவந்த பழத்தை எண்ணிப் பார்க்கக்கூட மனம் வரவில்லை.

காரணம் எளிது. வாழைக்காயில் மாவு இருக்கிறது. பறித்த பிறகும் அது சர்க்கரையாக மாறும். அன்னாசியில் அந்த மாவுச் சேமிப்பு இல்லை. இலையில் உண்டாகும் இனிப்பு காம்பு வழியாகத்தான் பழத்தில் ஏறுகிறது. காம்பை வெட்டினால் அதோடு முடிந்தது. கார்பைடு கல் வைத்தாலும் தோலின் நிறம்தான் மாறும். அந்தக் கல்லைக் கொண்டு பழுக்க வைத்த பழத்தை விற்பதை 2011-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதிகள் தடை செய்துள்ளன என்பதையும் உறுப்பினர்கள் நினைவில் வைக்க வேண்டும்.

பழத்தின் ஒவ்வொரு கண்ணும் ஒரு பூவிலிருந்து வந்தது. அடிக்கண் முதலில் பூக்கும், முதலில் பழுக்கும். ஆகவே வாங்கும்போது கொண்டையைப் பார்த்து ஏமாறாமல் அடிப்பாகத்தைப் பாருங்கள். அடியில் இரண்டு மூன்று வரிசைக் கண் மஞ்சளாகி, காம்புப் பக்கம் மணம் வந்தால் அது சரக்கு. கொண்டை இலையை இழுத்துப் பார்ப்பது வெறும் பழக்கம். அதை நான் நம்புவதில்லை. புளித்த கள் வாடை வந்தால் தொடவே வேண்டாம்.

நமக்குப் பக்கத்தில் கொல்லிமலையில் அன்னாசி விளைகிறது. பெரிய வரவு கேரளத்தின் எர்ணாகுளம் மாவட்டத்து வாழக்குளத்திலிருந்து. அங்கே ரப்பர் தோட்டங்களில் ஊடுபயிராகவும் பயிரிடுகிறார்கள். அந்த மொரீசியஸ் வகைப் பழத்துக்கு 2009-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. 35 முதல் 40 இலை வந்த செடியின் குருத்தில் எத்திரெல் கலந்த நீரை ஊற்றினால் ஒன்றரை மாதத்துக்குள் பூ வரும். பாத்தி பாத்தியாக இப்படிச் செய்வதால்தான் வருடம் முழுவதும் வண்டி வருகிறது. கியூ என்ற வகை உருவில் பெரியது. 2 கிலோவுக்கு மேலும் நிற்கும். சாறு அதிகம், ஆனால் மணத்தில் மொரீசியஸுக்கு ஈடாகாது என்பது என் கருத்து.

இண்டூர் வெயிலும் தண்ணீரும் இதற்குத் தோட்டப் பயிராக ஒத்துவராது. ஆனாலும் அந்த நட்டத்துக்குப் பிறகு, செடியையே பார்த்துவிடுவோம் என்று குடோனுக்குப் பின்னால் சிமெண்டுத் தொட்டியில் ஒன்று வைத்தேன். கொண்டையைத் திருகி எடுத்து, ஒட்டியிருந்த சதையை நீக்கி, அடி இலைகளைக் கிள்ளி, ஒரு வாரம் நிழலில் காயவிட்டு நட்டேன். காயவிடாமல் நட்ட முதல் கொண்டை அழுகிப் போயிற்று. மணலும் மட்கிய எருவும் கலந்த மண் போதும்; தண்ணீர் தேங்கக் கூடாது. சித்திரை வெயிலுக்கு மட்டும் மேலே ஓலை போட்டேன். பக்கக் கன்று கிடைத்தால் அதையே நடலாம், சில மாதம் முந்திக் காய்க்கும்.

என் செடி காய்க்க இரண்டு வருடம் பிடித்தது. பழம் முக்கால் கிலோ கூட இல்லை. ஆனால் செடியிலேயே பழுத்ததை அறுத்துத் தின்ற அன்றுதான், இத்தனை வருடம் எதை அன்னாசி என்று விற்றோம் என்று தோன்றியது. அதற்குப் பிறகு பச்சைக் காய் எவ்வளவு மலிந்து வந்தாலும் நான் இறக்குவதில்லை. நல்ல பழமும் நம் ஊர்ச் சூட்டில் நாலைந்து நாளைக்குத்தான் தாங்கும். வெட்டுக் காம்பில் பூசணம் முதலில் பிடிக்கும். அதனால் விற்றுத் தீரும் அளவுக்கே வரவழைக்கிறேன்.

ஒரு செடியில் ஒரு பழம்தான். தாய்ச்செடி மெல்ல வாடிவிட்டது. அதன் அடியில் வந்த பக்கக் கன்றில் இப்போது 20 இலை இருக்கிறது.