மாசோஸ்பாண்டிலஸின் மண்டைக்குள்ளே

1854-இல் லண்டனில் உடற்கூறியலாளர் ரிச்சர்ட் ஓவன் ஒரு டைனோசருக்கு மாசோஸ்பாண்டிலஸ் என்ற பெயரை வைத்தபோது அவர் முன்னால் மண்டையோடே இல்லை. தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த முதுகெலும்புகளை வைத்துத்தான் பெயர். அவையும் இரண்டாம் உலகப்போர் குண்டுவீச்சில் அழிந்தன.

மண்டையோடுகள் பிறகு கிடைத்தன. நீண்ட கழுத்து, சின்னத் தலை, பெரிய கண்குழி, இலை வடிவப் பற்கள். ஆனால் சுமார் இருபது கோடி ஆண்டு பாறைக்குள் கிடந்தவை, பல நசுங்கிப்போயிருந்தன. உள்ளே பார்க்க வேண்டுமானால் உடைத்தாக வேண்டும், யார் துணிவார்கள்? வெளியே தெரிந்ததை வரைந்து, மீதியை ஊகித்தார்கள். கீழ்த்தாடை மேல்தாடையைவிடக் குட்டையாகத் தெரிந்ததால், நுனியில் கொம்பு போன்ற அலகு இருந்திருக்கும் என்று 1980களில் எழுதினார்கள். மேலிருந்து அமுங்கியதால் அப்படித் தெரிந்திருக்கலாம் என்பது இன்றைய கருத்து. அலகு இருந்திருக்கும் என்று இப்போது பெரும்பாலும் நம்புவதில்லை.

இன்று உடைக்கத் தேவையில்லை. ஜோகன்னஸ்பர்க் விட்ஸ் பல்கலைக்கழகத்தின் கிம்பர்லி ஷபேலும் ஜோனா ஷ்வான்யேரும் ஒரு மண்டையோட்டை சி.டி. ஸ்கேன் செய்து, கணினியில் எலும்பு எலும்பாகப் பிரித்து 2018-இல் வெளியிட்டார்கள். உட்செவி தெரிந்தது. தாடைக்குள் முளைக்கக் காத்திருந்த குட்டிப் பற்களும் தெரிந்தன. முதலை போல இதுவும் பற்களை மாற்றிக்கொண்டே இருந்திருக்கிறது. மூளையை மூடிய எலும்புகள் முழுதாக ஒட்டியிருக்கவில்லை. அதாவது, இவ்வளவு காலம் இனத்துக்கே மாதிரியாக வைத்திருந்த மண்டையோடு, வளர்ந்து முடியாத விலங்குடையது!

1976-இல் எடுத்த மாசோஸ்பாண்டிலஸ் முட்டைகளையும் பிரான்சில் கிரெனோபிளின் சின்க்ரோட்ரான் எனும் வலிமையான எக்ஸ் கதிரில் வைத்தார்கள். உள்ளே இரண்டு சென்டிமீட்டர் மண்டையோடுகள்; ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத பற்கள்.

எல்லாப் பெருமையையும் ஸ்கேனருக்கே கொடுத்துவிட எனக்கு மனமில்லை. அகலமும் குட்டையுமாக விசித்திரமாயிருந்த இன்னொரு மண்டையோடு, அதே பல்கலைக்கழகத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் மாசோஸ்பாண்டிலஸ் என்றே கிடந்தது. மற்ற மண்டையோடுகளோடு பொறுமையாக ஒப்பிட்டு, வித்தியாசத்துக்கு வயதோ நசுங்கலோ காரணமில்லை என்று 2019-இல் காட்டினார்கள். அதன் பெயர் இப்போது ங்வேவு. அலகு விஷயத்தில் நசுங்கலை உறுப்பாக எண்ணினார்கள். இங்கே உறுப்பை நசுங்கலாக எண்ணிவிட்டார்கள்.

2018 மண்டையோட்டின் முப்பரிமாணக் கோப்பு இணையத்தில் இலவசம். பக்கத்தில் முப்பரிமாண அச்சுப்பொறி இருக்கும் பள்ளி ஆசிரியர்கள் ஒன்றை அச்சிட்டு மாணவர்கள் கையில் கொடுங்கள்.